ஜன்னல் எந்தப் பக்கம்

"தரையில கெடக்குதே, அது என்ன?"

"டவல்."

"டவல்னு எனக்குத் தெரியாதா? அது ஏன் ஈரத்தோட—"

"நான் சொல்ல வர்றதக் கொஞ்சம்—"

"—ஈரத்தோட அங்க கெடக்குது? ஒரு வாரமா வெயில் மூஞ்சியக் காணோம். கொடியில போட்டதே காயாம நாறுது. நீங்க தரையில போட்டு வச்சிருக்கீங்க!"

"பழக்கம்மா அது. ஹோட்டல்ல டவல் தரையில கெடந்தா எடுத்துட்டுப் புதுசு வைப்பாங்க. கம்பியில தொங்குனா அப்படியே விட்டுருவாங்க. கை தானா போட்டுருச்சு."

"இங்க யாரு புதுசு வைப்பா?"

"அதான் சொல்றேனே, தெரியாம—"

"இல்ல, யாரு வைப்பான்னு சொல்லுங்க. ஆளக் காட்டுங்க. நானும் என் துணியெல்லாம் தரையில போட்டுட்டுக் கால நீட்டி உக்காந்துக்கறேன்!"

எங்கள் சமையலறைக்கும் பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சமையலறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் நான் குனிந்து தேடுவேன். அன்றைக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அடுப்பைப் பற்றவைக்கும்போதே சண்டை பாதி தூரம் வந்திருந்தது.

அவள் துணி தைக்கிறவள். ஊரார் உடுப்பைப் பிடித்தும் விட்டும் கொடுப்பாள், கால்சட்டைக்கு அடி மடித்துத் தைப்பாள், ஜன்னல் திரைகள் தைப்பாள். அவர் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கிறவர். பயணப் பத்திரிகைக்காரர்களுக்கு மலை, சந்தை, பாலம், படகுத்துறை என்று எடுத்து அனுப்புவது பிழைப்பு. கல்யாணமான மறுவாரமே பெட்டியைத் தூக்கியவர். வருவார், துவைத்த துணி காயும்வரை இருப்பார், போய்விடுவார். "விருந்தும் மருந்தும் மூணு நாள்" என்று யாரோ ஒருமுறை சொல்லப்போய், எங்கள் கட்டடத்தில் அவருக்கு விருந்தாளி என்றே பேர் விழுந்துவிட்டது. அவர் காதுபடச் சொன்னாலும் சிரித்துக்கொள்வார். மகள் கூட, சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "அம்மா, விருந்தாளி அப்பா வந்தாச்சு" என்று படிக்கட்டிலிருந்து கத்திக்கொண்டு ஓடியிருக்கிறாள். இப்போது அவளுக்கும் கல்யாணமாகி வேறெங்கோ இருக்கிறாள்.

மலைப்பாதையில் வழுக்கி விழுந்து முட்டியில் கத்தி வைத்த பிறகு, இனி சுமை தூக்கி அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல்காரிக்கு அன்று வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். நூலைப் பல்லால் கடித்தபடி, "இனிமே வீட்டோடதான் இருப்பாருக்கா" என்றாள். "ரெண்டாவது தலகாணிக்கும் உறை தச்சுட்டேன். இத்தன வருஷம் அது வெத்தாத்தான் கெடந்துச்சு." மெஷினை ஜன்னலோரமாக நகர்த்தி, அவர் மேசைக்கு இடம் ஒதுக்கினாள்.

அதெல்லாம் ரெண்டு மாதத்துக்கு முந்தைய கதை.

"சரி, டவல விடு. அந்த மேசை டிராயர்ல இருந்த பிளாஸ்டிக் தொப்பியெல்லாம் எங்க?"

"எந்தத் தொப்பி?"

"குளிக்கிறப்ப தலைக்குப் போடறது. ஒவ்வொரு ஹோட்டல்லயும் எடுத்து எடுத்துச் சேத்து வச்சது."

"அதுவா? மீந்த குழம்புக் கிண்ணத்துக்கு மூடி போட்டுக்கிட்டிருக்கேன். நல்லா இறுக்கமாப் பிடிக்குது."

"குழம்புக்கா? அது என் கேமரா தொப்பி! மழையில அதப் போட்டுத்தான் நான் படமே எடுப்பேன்!"

"இந்த வீட்டுக்குள்ள எங்கங்க மழை பெய்யுது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவருக்குக் கேட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

"கிண்டல் பண்ணாத."

"நான் ஏங்க கிண்டல் பண்றேன்? நேத்து பாத்ரூம்ல கதவச் சாத்திக்கிட்டுச் சுடுதண்ணியத் தொறந்து விட்டீங்களே, குளிச்சீங்களா நீங்க? இல்ல. புகை மாதிரி ஆவி வந்ததும் கேமராவத் தூக்கிட்டு உள்ள போயிட்டீங்க. நான் கதவத் தட்டித் தட்டிக் கை வீங்கிருச்சு."

"ஆவியில தூசியெல்லாம் கீழ அடங்கிரும். அப்பத்தான் கேமராவத் தொறந்து உள்ள தொடைக்கலாம். எல்லா ஊர்லயும் பாத்ரூம்தான் எனக்குப் பட்டறை."

"இங்க அது எனக்கு அரிசி கழுவற எடம். கொழாயில தண்ணி வர்றதே அங்க ஒண்ணுலதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதுல்ல? அவ்வளவு வசதியாப் பழகிட்டா, எங்களோட ஏங்க இந்தக் கஷ்டம்? உங்க ஹோட்டலுக்கே போயிருங்களேன்!"

கிழங்கு வெந்து தண்ணீர் சுண்டியது. பிறகு ஒரு சத்தம் வந்தது. பெட்டியின் ஜிப்பை இழுக்கிற சத்தம்.

மறுநாள் காலையில் படிக்கட்டில் அவரைப் பார்த்தேன். முதுகில் கேமராப் பை, கையில் சின்னப் பெட்டி. ஒவ்வொரு படிக்கும் முட்டியிடம் உத்தரவு கேட்டுக்கேட்டு இறங்கினார்.

"எங்க, கெளம்பியாச்சா?"

"ஒரு வேலை வந்திருக்குக்கா. மலை மேல ஒரு ஏரி. நாலஞ்சு நாள்ல வந்துருவேன்."

"இந்தக் காலோடயா?"

"காலு என்னக்கா காலு, கண்ணுதான வேலை செய்யுது" என்றார். வாய் சிரித்தது, முகம் அதில் சேரவில்லை.

அன்று அவள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மெஷின் ஓடவில்லை. நான் போனபோது கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், மடியில் யாருடைய சட்டையோ.

"நான்தான்க்கா தொரத்திட்டேன். இந்த வாய் சும்மா இருந்துச்சா?"

"போயிட்டு வரட்டும் விடு. வழக்கமாப் போறவர்தானே."

"அதான்க்கா பயமே. போறப்பக் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்துட்டுப் போனாரு."

"எதுக்கு?"

"எதையாவது விட்டுட்டுப் போறமான்னு. ஹோட்டல் ரூமக் காலி பண்றப்பப் பாக்கிற பழக்கம். பால் வாங்கப் போனாக்கூடக் குனிவாரு, நான் சிரிப்பேன். இன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரல." சட்டையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். "இந்தத் தடவ போனவரு இருக்கறதுக்குத் திரும்பி வரமாட்டாருக்கா. துணி காயற வரைக்கும்தான் வருவாரு. பழைய மாதிரி. வழியில விழுந்து கிழுந்து வச்சா அதுக்கும் வரமாட்டாரு."

நான் ரொட்டியைச் சுட்டு, முட்டையை அவித்து வைத்துவிட்டு வந்தேன். சாப்பிட்டாளா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. அப்போது நானும் அங்கேதான் இருந்தேன். பழைய திரை ஒன்றின் தையலைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கண்ணுக்குத் தைக்க முடியாது, பிரிக்க முடியும். அவள் எப்போதும் போனை மெஷின் பலகையில் வைத்து, சத்தமாகப் பேச விட்டுத்தான் பேசுவாள். கை தைக்கும், வாய் பேசும். அவர் சாயங்காலம் கூப்பிடுவதும், அவள் அதே கேள்வியைக் கேட்பதும் எங்கள் கட்டடத்துக்கே தெரிந்த சங்கதி.

"போய்ச் சேந்தாச்சா?"

"சேந்தாச்சு."

"கால்?"

"இருக்குது."

அப்புறம் அவள் கேட்டாள்.

"ரூம் எப்படி இருக்கு? ஜன்னல் எந்தப் பக்கம்?"

கல்யாணமான புதிதில், அவர் முதல் ஊருக்குப் போய்க் கூப்பிட்டபோது கேட்ட கேள்வி அது. அப்போது தெருக்கோடி மருந்துக்கடையில்தான் போன். பின்னால் நாலு பேர் காத்து நிற்க, புருஷனிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் வாய்க்கு வந்ததைக் கேட்டாளாம். அவர் அதற்குப் பொறுமையாக, விளக்கமாகப் பதில் சொல்லியிருக்கிறார். படம் எடுக்கிறவர் அல்லவா? வாசலில் நின்றால் வலது கைப்பக்கம் கட்டில், நேர் எதிரே ஜன்னல், காலையில் வெளிச்சம் தலையணையில் விழும், கீழே கூரையில் ஒரு பூனை. அன்றிலிருந்து அவள் வீட்டில் தனியாகப் படுத்தாலும், அவர் எந்த ரூமில் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கிறார் என்று தெரிந்துதான் தூங்குவாள். பின்னால் தைக்கக் கற்றபிறகு திரையைப் பற்றியும் கேட்க ஆரம்பித்தாள். "என்ன துணி? மடிப்பு ஒத்தையா ரெட்டையா? மேல வளையமா கொக்கியா?" அவரும் கிட்டே போய்ப் பார்த்துச் சொல்வார். வெளிச்சம் வராமலிருக்க உள்பக்கம் கறுப்புத் துணி வைத்துத் தைப்பதை அவள் அப்படித்தான் கற்றாள். எந்தப் பள்ளிக்கூடமும் போகவில்லை. அவர் தங்கிய ஹோட்டல்கள்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம்.

போன வருஷம் எங்கள் தெருமுனை ஹோட்டலுக்குக்கூட அந்த மாதிரித்தான் தைத்துக் கொடுத்தாள். வீடு முழுக்கப் பச்சைத் துணி, நடக்க இடமில்லை. கடைசித் திரைக்குப் பச்சை நூல் தீர்ந்துபோயிற்று. கடையை அடைத்துவிட்டார்கள், காலையில் கொடுத்தாக வேண்டும். அடிமடிப்பின் மூலையில் ஒரு சாண் நீளத்தை நீல நூலில் ஓட்டி முடித்தாள். "படுக்க வர்றவன் எவன் குனிஞ்சு கர்ட்டன் அடியப் பாக்கப்போறான்?" என்றாள் என்னிடம். அவர் அப்போது எந்தத் தீவிலோ இருந்தார்.

"ஜன்னல் கெழக்குப் பக்கம்" என்றது போன். "பெரிய ஜன்னல். கட்டில் அதுக்கு ஓரமா. ரெண்டு மாசமா வராத தூக்கம் இன்னைக்கு வந்துச்சு. வந்ததும் படுத்து ஒரு மணி நேரம் தூங்கிட்டேன்."

"படம் எடுக்கப் போகலையா?"

"மழை."

"இங்கயும் மழைதான். மலைன்னா குளிருமே? ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போனீங்களா?"

"ம்... குளிருது, குளிருது."

"எதிர்ல என்ன தெரியுது? ஏரியா?"

திரையை விலக்குகிற சத்தம் கேட்டது. "ஏரி இந்தப் பக்கம் இல்ல. எதிர்ல ஒரு கட்டடம். ரெண்டாவது மாடியில ஒரு பொம்பள. துணியக் கொண்டாந்து காயப் போடறா. மழை தூறுனதும் ஓடிவந்து எடுக்கறா. விட்டதும் மறுபடி போடறா. எந்திரிச்சதுலேர்ந்து பாக்கறேன், இதே வேலையா இருக்கா."

"ஐயோ பாவம். யாரு பெத்த பொண்ணோ. உதவிக்கு ஒரு ஆள் இல்லையா அவளுக்கு?"

"இருக்கான். உபயோகமில்லாதவன் போலருக்கு."

தையல்காரி சிரித்தாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அன்று அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். அவர் தன் முதல் கேமரா பழுதானபோது எந்த ஹோட்டலில் எந்த வரவேற்பாளர் தன் சொந்தக் கேமராவைக் கொடுத்து அனுப்பினார் என்று சொன்னார். மாடியில் துணி உலர்த்தும் இடமிருக்கிற ஹோட்டலாகப் பார்த்துத்தான் எடுப்பாராம், விடியற்காலையில் ஊரையே மேலிருந்து எடுக்கலாம் என்பதால். சமையற்கட்டுக்காரர்களோடு பின்வாசலில் டீ குடித்தால்தான் எந்தச் சந்து எப்போது விழிக்கும் என்று தெரியுமாம். "ஹோட்டல் இல்லன்னா எனக்குத் தொழிலே இல்ல. தெரியாத ஊருக்குள்ள கால வைக்க அதுதான் வாசப்படி" என்றார். இதையெல்லாம் அவள் கண் விரியக் கேட்டாள். வீட்டில் இருந்த ரெண்டு மாதத்தில் அவர்கள் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை, கேட்டதெல்லாம் சண்டை.

போனை வைத்ததும், "மனுஷன் நல்லாத்தான்க்கா பேசறாரு" என்றாள். அப்புறம் முகம் சுருங்கிவிட்டது. "எட்டத்துல இருந்தாத்தான் பேசறாரு."

மறுநாளும் மழை. மறுநாளும் போன்.

"என்னங்க, அந்தப் பொம்பள என்ன செய்யறா இன்னைக்கு?"

"இன்னைக்குத் துணி போடல. ஜன்னல் பக்கம் உக்காந்து தலையக் குனிஞ்சுக்கிட்டு என்னமோ வேலை செய்யறா. நிமிரவே இல்ல. கழுத்து வலிக்கும் அவளுக்கு."

"பழகியிருக்கும்" என்றாள் தையல்காரி, தன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே. "அவளையே ஏன் பாத்துக்கிட்டு இருக்கீங்க? பொழுதுபோகலையா? கர்ட்டன் எப்படின்னு நேத்து சொல்லவே இல்லையே நீங்க."

"இரு, பாக்கறேன். பச்சை. நல்ல பாசிப் பச்சை. உள்ள கறுப்புத் துணி குடுத்துத் தச்சிருக்காங்க, ஒரு பொட்டு வெளிச்சம் வரல. ரெட்ட மடிப்பு. தையல் நூல் புடிச்ச மாதிரி நேரா ஓடுது. யாரோ கைகாரிதான் தச்சிருக்கணும்."

"அடி?"

"அடியும் சுத்தமா... இரு. எடது மூலையில ஒரு சாண் மட்டும் வேற நூல். நீலம். பச்சை தீந்துபோச்சு போல. பாவம், அவசரத்துல—"

மெஷின் நின்றது.

அவள் என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த கத்தரி மடியில் விழுந்தது. போன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது: "என்னம்மா? கேக்குதா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள். "கொஞ்சம் வேலையிருக்கு. அப்புறம் பேசறேன்."

குடையை எடுத்தாள். விரித்தாள், மடக்கினாள், வீட்டுக்குள்ளேயே மறுபடி விரித்தாள்.

"அக்கா, செருப்பப் போடுங்க."

"நான் எதுக்கும்மா நடுவுல?"

"நான் தனியாப் போனா கொன்னு போட்டுருவேன். நீங்க வாங்க."

தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடியது. ஒரு குடைக்குள் ரெண்டு பேர். என் வலது தோள் முழுக்க நனைந்தது. அவள் பேசிக்கொண்டே நடந்தாள். "ஏரியாம் ஏரி. குளிருதாம். ஸ்வெட்டர் கேட்டேனேக்கா நான், வெக்கங்கெட்டு! ராத்திரியெல்லாம் அந்த முட்டிய நெனச்சு நான் புரண்டுக்கிட்டுக் கெடந்தேன். இவரு கூப்பிடு தூரத்துல படுத்துக்கிட்டு..." பாதித் தெருவில் சட்டென்று நின்றாள். நிமிர்ந்து எங்கள் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள். கொடி, கொடியில் ஈரத்துணி, ஜன்னலுக்குள் மெஷின் விளக்கு. "யாரு பெத்த பொண்ணோன்னு கேட்டேனே" என்றாள். அப்போது அவள் குரலில் கோபம் மட்டுமே இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

வரவேற்பு மேசைக்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க தையல்காரம்மா. மழையில என்ன? வேலை ஒண்ணும் சொல்லி அனுப்பலையே."

"கடைசியாக் குடுத்த கர்ட்டன்ல நீல நூல் ஓடியிருக்கு. என் பேருதான் கெடும். பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அது மூணாவது மாடி, தெருப்பக்க ரூம்ல மாட்டியிருக்கு. அங்க ஆள் இருக்காரே."

"தெரிஞ்ச ஆளுதான்."

"அப்படியா? நல்ல மனுஷங்க. வெளியூருக்கு பஸ் புடிக்கப் போனவரு, முட்டியப் புடிச்சுக்கிட்டு இந்தச் சோபாவுல உக்காந்தாரு. கொஞ்ச நேரம் படுக்கணும்னாரு, ரூம் குடுத்தேன். அதுலேர்ந்து இருக்காரு. ஆனா ஒண்ணும்மா, எத்தனையோ பேரப் பாத்துட்டேன், இப்படி ஒருத்தரப் பாத்ததில்ல. ரூமுக்குள்ள கயிறு கட்டி, அவரு டவல அவரே காயப் போடறாரு. நாங்க மாத்தறோம்னாலும் விடமாட்டேங்கறாரு."

தையல்காரி படியேறினாள். நான் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவள் கதவைத் தட்டியிருந்தாள்.

உள்ளேயிருந்து, ரூம் கூட்ட வருகிறவர்களிடம் சொல்லிப் பழகிப்போன குரலில், "அப்புறம் வாங்க" என்றார்.

"அப்புறம்னா இன்னும் எவ்வளவு நாள் கழிச்சு?"

கதவு திறந்தது. கையில் போன், தோளில் துண்டு. அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி ஒதுங்கி நின்றார். அவள் அவரைத் தாண்டி நேராக ஜன்னலுக்குப் போனாள். தரையில் மண்டியிட்டுத் திரையின் அடியைத் திருப்பிக் காட்டினாள்.

"இது என் நூல்."

அவருக்கு விளங்க நேரமாயிற்று. "நீ தச்சதா?"

"பின்ன? கர்ட்டன் மரத்துலயா காய்க்கும்? இந்த ஹோட்டல்ல இருக்கற அத்தனையும் நான் தச்சது. உள்ள கறுப்புத் துணி வைக்கலாம்னு யாரு சொன்னா எனக்கு? நீங்க சொன்னது. ஏதோ ஒரு துறைமுகத்து ஹோட்டல்ல இருந்து."

"எனக்குத் தெரியாதே."

"எப்படித் தெரியும்? நீங்க எனக்கு ஊர்ல இருக்கிற ஜன்னலெல்லாம் சொன்னீங்க. நான் என்ன தைக்கறேன்னு நீங்க எப்பக் கேட்டீங்க?"

பெட்டி வைக்கிற குட்டை மேசையில் நான் உட்கார்ந்துகொண்டேன். மழை கண்ணாடியில் அடித்தது. அவர் கட்டிலில் மெல்ல உட்கார்ந்து, காலை நீட்டினார்.

"வேலை எதுவும் வரல" என்றார். "பொய் சொன்னேன். ஏரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. யாரும் கூப்பிடறதில்ல இப்பல்லாம். நீ போன்னு சொன்ன. போற மாதிரி போகவாவது ஒரு எடம் வேணுமே. பஸ்ஸுக்குத்தான் நடந்தேன். எந்த பஸ்ஸுன்னு தெரியாமத்தான் நடந்தேன். இது வரைக்கும்தான் முட்டி வந்துச்சு."

"வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ எடுத்ததும் ஜன்னல் எந்தப் பக்கம்னு கேட்ட. நானும் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். நல்லா இருந்துச்சு. வீட்டுல உன் பக்கத்துல உக்காந்தா எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல. நீ வேலையா இருப்ப. எங்க கைய வச்சாலும் அது வேற எதுக்கோ உள்ள எடமா இருக்கு."

"எனக்கு மட்டும் தெரியுதாக்கும்?" அவள் இன்னும் தரையிலேயே இருந்தாள், திரையின் ஓரத்தைப் பிடித்தபடி. "ரெண்டு மாசமா சாயங்காலமானா போன் அடிக்குமான்னு பாக்கறேன் நான். நீங்க எதிர்ல உக்காந்திருக்கீங்க, நான் போனப் பாக்கறேன். பைத்தியக்காரி."

யாரும் சிரிக்கவில்லை. அறைக்குக் குறுக்கே கட்டிய கயிற்றில் அவருடைய டவல், நாலு மூலையும் இழுத்து விட்டு, சுருக்கமில்லாமல் தொங்கியது. அவள் எழுந்து அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"காஞ்சிருச்சு" என்றாள்.

பிறகு கட்டிலின் மறுபக்கம் போய், விளிம்பில் உட்கார்ந்து பார்த்தாள். கையால் அமுக்கிப் பார்த்தாள். தலையணையை எடுத்து உறையின் தையலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். விளக்கை அணைத்தாள், போட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன்: இத்தனை ஹோட்டல்களைக் காதால் கேட்டவள், ஒன்றிலாவது கால் வைத்துப் படுத்தவளில்லை.

"நீங்க எந்திரிங்க" என்றாள்.

"வீட்டுக்கா?"

"நீங்க வீட்டுக்கு. நான் இங்க."

"என்ன சொல்ற?"

"இன்னைக்கு நான் இங்க படுக்கறேன். நான் தச்ச கர்ட்டன் எப்படி இருட்டாக்குதுன்னு நானும் பாக்கணும்ல? நீங்க அக்காவோட போங்க."

"நான் தனியா... அங்க என்ன பண்றது?"

"நான் என்ன பண்ணேனோ அதான்." இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். அவர் வாங்காமல் பார்த்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது: அந்த வீட்டுச் சாவி அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை. வருவார், மணியடிப்பார், அவள் திறப்பாள். ஊரிலுள்ள ஹோட்டல்காரர்கள் எல்லோரும் அவர் கையில் சாவி கொடுத்தார்கள். சொந்த வீட்டில் யாரும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

"பிடிங்க. பூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தண்ணி காலைல வர்றப்பவே பிடிச்சு வைக்கணும். அடுப்பு எடது பக்கத்து பர்னர் எரியாது. முட்டை கூடையில இருக்கு. கேமரா தொப்பி குழம்புக் கிண்ணத்து மேல இருக்கு, வேணும்னா கழுவி எடுத்துக்குங்க."

"வேணாம். இருக்கட்டும்" என்றார். "கிண்ணத்துக்கே இருக்கட்டும்."

கிளம்பும்போது பழக்கத்தில் கட்டிலுக்கு அடியில் குனியப் போனார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பினோம். குடை என்னிடம், பெட்டி அவரிடம். படிக்கட்டில் ரெண்டு பேர் முட்டியும் மாறி மாறிப் புலம்பியது. கதவுக்கு முன் சாவியோடு நின்றார்.

"எந்தப் பக்கம் திருப்பணும்க்கா?"

"எடது பக்கம். கதவக் கொஞ்சம் உங்க பக்கம் இழுத்துக்கிட்டுத் திருப்புங்க."

திறந்தது. உள்ளே போவார் என்று பார்த்தால், வாசலிலேயே நின்று பையிலிருந்து கேமராவை எடுத்தார். விளக்கைப் போடச் சொன்னார், போட்டேன். ஒரே ஒரு படம் எடுத்தார். மெஷின், அதன் பலகையில் பாதியில் நின்ற துணி, அவள் தள்ளிவிட்டுப் போன முக்காலி, அவிழ்ந்து உருண்ட நூல்கண்டு.

"எதுக்கு இது?"

"எந்த ரூமுக்குப் போனாலும் எதையும் தொடறதுக்கு முன்னால ஒண்ணு எடுத்துருவேன்க்கா. எது எங்க இருந்துச்சோ அது அங்கயே இருக்கணும்ல." கேமராவைப் பையில் வைத்துவிட்டு, "இங்க இதான் முதல் தடவ" என்றார்.

நான் முட்டையைப் பொரித்து, ரொட்டி சுட்டுக் கொண்டுபோனேன். எரியாத பர்னரோடு அவர் போராடியதைச் சுவர் வழியே கேட்டுவிட்டுத்தான். சாப்பிட்ட தட்டை அவரே கழுவி, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் காட்டவில்லை. அவரே தேடி வைத்தார், தப்பான இடத்தில்.

போன் அடித்தது. மெஷின் பலகையில் அவள் வைக்கிற அதே இடத்தில் வைத்து, சத்தமாகப் பேச விட்டார்.

"போய்ச் சேந்தாச்சா?"

"சேந்தாச்சு."

"பூட்டு?"

"தொறந்துருச்சு."

"சாப்பாடு?"

"அக்கா குடுத்தாங்க."

"டவல்?"

"கொடியில."

"நான் இங்க தரையில போட்டுருக்கேன்" என்றாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு வெகுகாலமாயிற்று. சிரித்து முடிந்தபின் கொஞ்ச நேரம் மழைதான் கேட்டது, போனிலும் வெளியிலும் ஒரே மழை.

"கர்ட்டன் எப்படி?" என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டுத் தானே கூச்சப்பட்டவர் போல என் பக்கம் பார்த்தார்.

"நல்லாத்தான் தச்சிருக்கேன். ஆனா நான் இழுத்துச் சாத்தல. தொறந்துதான் வச்சிருக்கேன். எதிர்ல ரெண்டாவது மாடியில வெளக்கு எரியுது. ஒரு ஆளு போனுக்கு முன்னால நிக்கறாரு, உக்காரத் தெரியாம."

அவர் மெல்ல முக்காலியை இழுத்து, அவள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார்.

"உக்காந்துட்டாரு" என்றாள். "சரி, இத்தன வருஷமா நான் வீட்டுல இருந்துக்கிட்டுக் கேட்டேன். இப்ப நான் ஹோட்டல்ல இருக்கேன், நீங்க வீட்டுல இருக்கீங்க. சொல்லுங்க, கேக்கறேன். ரூம் எப்படி இருக்கு? ஜன்னல் எந்தப் பக்கம்?"